படத்தில் இல்லாதவர்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனிடமிருந்தோ மகளிடமிருந்தோ ஒரு சனிக்கிழமை இரவில் உங்கள் கைபேசிக்குப் புகைப்படங்கள் வந்து சேர்ந்திருக்கலாம். பச்சைக் குன்று ஒன்று, அதன் அடியில் நீண்டு கிடக்கும் ஏரி, சரிவின் குறுக்கே சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில், நாலைந்து ஆடுகள். "நன்றாயிருக்கிறது" என்று பதில் அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்கு விரலை நகர்த்திவிடுகிறோம். அந்த ஒரு படத்துக்காகப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்தார்கள், எந்த இடத்தில் நின்றார்கள், யாரைக் காக்க வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இம்மாதம் அந்தப் பாதையில் மனதளவில் நடந்து பார்ப்போம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகிற கோடையில் அங்கே செல்லவிருக்கும் பெற்றோர் உங்களில் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். மற்றவர்களுக்கோ, அடுத்த முறை படம் வரும்போது இன்னொரு கேள்வி கேட்க உதவும்.

ஏரிக்கரையில் ஒரு சிறு குன்று

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரி மாவட்டம் என்று அழைக்கப்படும் மலைநாடு இருக்கிறது. 1951இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இங்கிலாந்திலேயே மிக உயரமான ஸ்காஃபெல் பைக் சிகரம் இங்குதான் உள்ளது. அதன் உயரம் 978 மீட்டர்தான். நம் நாட்டு மலைகளை எண்ணிப் பார்த்தால் இது ஒரு மேடு என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணமே அங்கே பலரை ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

இந்த மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஊர் கெஸ்விக். இப்பெயர் உங்களில் பலருக்குப் புதிதல்ல. 1875இல் தொடங்கி ஆண்டுதோறும் கூடிவரும் கெஸ்விக் கன்வென்ஷன் இந்த ஊரில்தான் நடைபெறுகிறது. அந்தக் கன்வென்ஷனின் ஆதரவோடு முதன்முதலில் மிஷனரியாக அனுப்பப்பட்டவர் எமி கார்மைக்கேல் அம்மையார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூருக்கு வருமுன் அவர் சில காலம் வாழ்ந்த வீடும் இதே மலைநாட்டின் ஓரத்தில்தான் இருந்தது.

கெஸ்விக் ஊரையொட்டி டெர்வென்ட்வாட்டர் ஏரி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்திருக்கிறது. அதன் மேற்குக் கரையில் எழும்பி நிற்கிறது கேட்பெல்ஸ் என்னும் குன்று. உயரம் 451 மீட்டர். ஏரியைச் சுற்றி வரும் படகில் ஏறி, ஹாஸ் எண்ட் துறையில் இறங்கினால் அங்கிருந்தே பாதை ஆரம்பமாகிறது. ஏறவேண்டிய உயரம் சுமார் 370 மீட்டர். பிள்ளைகளும் முதியோரும் ஏறுகிற குன்றுதான். எனினும் உச்சிக்கு அருகில் இரண்டோர் இடங்களில் கைகளையும் ஊன்றிப் பாறையின்மேல் ஏறவேண்டியிருக்கும்.

ஏறிப் பாருங்கள். கிழக்கே காலடியில் ஏரி. வடக்கே 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிடா மலை. தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கு. மேற்கே நியூலாண்ட்ஸ் பள்ளத்தாக்கின் பண்ணைகள். நாற்புறமும் காட்சி. அப்படியானால் எந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுப்பது? அதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, சூரியன் தீர்மானிக்கிறது.

சாய்ந்து விழும் வெளிச்சம்

கேட்பெல்ஸின்மேல் காலையில் நின்று ஏரியைப் பார்த்தால் சூரியன் உங்கள் கண்ணுக்கு எதிரே நிற்கும். தண்ணீர் வெள்ளித் தகடாய் மின்னும். எதிர்க்கரைக் குன்றுகள் கருநிழலாய்த் தோன்றும். அதே இடத்தில் பிற்பகலில் நில்லுங்கள். இப்போது வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னிருந்து சென்று எதிர்க்கரையின் மரங்களையும் பாறைகளையும் ஒவ்வொன்றாய்த் துலக்கிக் காட்டும். இடமும் கேமராவும் ஒன்றே, படங்களோ இரண்டு. ஆகையால் மலைக்குப் போகும் முன் வரைபடத்தை விரித்து, எந்த மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்று பார்த்துக்கொள்வது நடையின் பாதி வேலையாகும்.

அந்த நாட்டு வெளிச்சத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஏரி மாவட்டம் வட அட்சரேகை 54 பாகைக்கும் மேலே இருக்கிறது. டிசம்பர் மாத நடுப்பகலில்கூட அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 12 பாகை உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. மும்பையில் அதே நாளில் அது 47 பாகைக்கு மேல் நிற்கும். எனவே குளிர்காலத்தில் அங்கே நாள் முழுவதும் நிழல் நீளமாகவே விழுகிறது. தரையிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் மேடும், மதிலின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரிகிறது. மாலை வெளிச்சமும் அங்கே சட்டென்று மறைவதில்லை. நம் ஊரில் சூரியன் செங்குத்தாகக் கீழே இறங்கிவிடும். அங்கே சாய்வாகச் சறுக்கி இறங்குகிறது. ஆகையால் பொன்னிற வெளிச்சம் நம்முடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் நீடிக்கும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஜூன் மாதத்தில் அதிகாலை 5 மணிக்கு முன்னரே விடிந்து, இரவு 9.45 வரை சூரியன் இருக்கும். டிசம்பரிலோ காலை 8.30க்கு உதித்து, மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். "இன்னும் ஒரு படம்" என்று நின்றவர்கள் இறங்குவதற்குள் இருட்டிப்போவது இதனால்தான்.

மழையும் மேகமும்

பாரோடேல் பள்ளத்தாக்கின் கடைசியில் சீத்வெயிட் என்ற பண்ணைக் குடியிருப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் மனிதர் வசிக்கும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது அதுவே. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மும்பையிலோ பருவமழை நான்கு மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே பன்னிரண்டு மாதமும் பெய்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதன்முதலாக இந்த மலைகளில் மோதி மேலெழும்பிக் குளிர்வதே காரணம்.

புகைப்படக்காரருக்கு இந்த மழை சத்துருவல்ல. மேகங்களுக்கு இடையே வெயில் ஒரு விளக்கைப்போல் ஒரு சரிவை மட்டும் சில விநாடிகள் ஒளிரச் செய்து அடுத்த சரிவுக்கு நகர்ந்துவிடும். அந்த விநாடிக்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள். தெளிந்த நீல வானம் அவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

எடுக்கும் முறை கடினமல்ல. கைபேசியானால் முதலில் லென்ஸின்மேல் படிந்த ஈரத்தையும் விரல்ரேகையையும் துடையுங்கள். திரையில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் மேகங்கள் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். தூரத்து மலையை விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், படம் சிதையும். தனிக் கேமராவானால் ட்ரைபாடில் நிறுத்தி, அப்பர்ச்சரை 8 அல்லது 11இல் வைத்தால் அருகிலுள்ள கல்லும் அப்பாலுள்ள சிகரமும் ஓரளவு ஒன்றுபோல் தெளிவாக விழும். முன்னணியில் ஏதாவது ஒன்று இருக்கட்டும்: ஒரு பாறை, மதிலின் ஒரு திருப்பம், இலையுதிர்காலத்தில் துருநிறமாகும் பிராக்கன் புதர். இல்லாவிட்டால் மலையின் பருமன் படத்தில் தெரியாது.

கண்ணாடித் தகடு சுமந்த சகோதரர்கள்

இன்று சட்டைப்பையில் அடங்கும் வேலை ஒரு காலத்தில் முதுகை வளைத்த வேலையாயிருந்தது. கெஸ்விக்கில் புகைப்படக் கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ், ஆஷ்லி ஏபிரகாம் என்னும் சகோதரர்கள் 1890களில் பெரிய மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் ட்ரைபாடையும் சுமந்துகொண்டு செங்குத்தான பாறைகளில் ஏறினார்கள். பாறையேறுகிறவர் படம் பதியும்வரை அசையாமல் நிற்கவேண்டும். கையோ காலோ நடுங்கினால் ஒரு தகடு வீண். ஓவன் கிளின் ஜோன்ஸ் என்னும் மலையேறி 1897இல் வெளியிட்ட ஏரி மாவட்டப் பாறையேற்ற நூலில் அவர்களுடைய படங்களே இடம்பெற்றன. இரண்டே ஆண்டுகளில், 1899இல், ஜோன்ஸ் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து மரித்தார். படங்கள் நிலைத்திருக்கின்றன. சகோதரர்களின் கடை இருந்த கட்டடத்தில் பின்னாளில் மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடை வந்தது.

214 குன்றுகளும் ஒரு வீடும்

அந்த மலைகளில் நடப்பவர் எவரும் அறிந்த பெயர் ஒன்று உண்டு: ஆல்ஃபிரட் வெய்ன்ரைட். 1907இல் பிளாக்பர்ன் என்னும் பஞ்சாலை நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1930இல், தம் 23ஆம் வயதில், முதன்முறையாக ஏரி மாவட்டத்துக்கு வந்து விண்டர்மியர் அருகிலுள்ள ஓரெஸ்ட் ஹெட் என்ற சிறு குன்றின்மேல் ஏறினார். அன்று கண்ட காட்சி அவர் வாழ்க்கையையே திருப்பியது. 1941இல் கெண்டல் நகரத்தில் வேலை பெற்றுக் குடிபெயர்ந்தார். பின்பு அந்நகர மன்றத்தின் பொருளாளரானார்.

1952 முதல் 13 ஆண்டுகள், வார இறுதிதோறும் பேருந்தில் சென்று, தனியே நடந்து, 214 குன்றுகளை ஆராய்ந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாதாரணக் கேமராவால் படங்கள் எடுத்துவந்து, இரவுகளில் அவற்றைப் பார்த்துப் பேனாவும் மையும் கொண்டு கோட்டுச் சித்திரங்களாக வரைந்தார். எழுத்தும் அவருடைய கையெழுத்தே. 1955 முதல் 1966 வரை வெளியான அந்த ஏழு நூல்களை இன்றும் மக்கள் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கேட்பெல்ஸும் அந்த 214இல் ஒன்று.

எவ்வளவு பொறுமை, எவ்வளவு உழைப்பு என்று வியக்கிறோம் அல்லவா? ஆனால் அந்த வீட்டுக்குள்ளும் சற்று எட்டிப் பாருங்கள். 1931இல் அவர் மணந்த ரூத் அம்மையாரோடு அவருடைய இல்வாழ்க்கை ஆரம்பத்திலிருந்தே கசந்திருந்தது. பகலில் அலுவலகம், இரவில் வரைபலகை, வார இறுதியில் மலை. ஏழாம் நூல் முடிந்து அவர் ஓய்வுபெறும் காலத்தில் அந்த அம்மையார் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டார். 1968இல் மணவிலக்கு ஆயிற்று. 1970இல் அவர் பெட்டி என்பவரை மறுமணம் செய்து, அவரோடு சேர்ந்து நடந்தார். நூல்களின் வருமானத்தில் பெரும்பகுதியை ஆதரவற்ற பிராணிகளின் பராமரிப்புக்குக் கொடுத்தார். 1991இல் காலமானபோது, அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பல் ஹேஸ்டேக்ஸ் குன்றின்மேலுள்ள சிறு ஏரியின் ஓரத்தில் தூவப்பட்டது.

அவரை நியாயந்தீர்க்க நாம் யார்? வீட்டின் கசப்பு அவரை மலைக்குத் துரத்தியதா, மலையின்மேலிருந்த ஆசை வீட்டைக் கசக்கச் செய்ததா என்பதை வெளியார் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. மலை எத்தனை மணி நேரம் கேட்டாலும் நாம் கொடுத்துவிடுகிறோம். அந்த மணிகள் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பார்ப்பதில்லை.

குடும்பமாய் நடக்கும்போது

இப்போது உங்கள் வீட்டுக்கே வருவோம். மகன் கேமராவோடு முன்னே போகிறான். மருமகள் சிறுபிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவே வருகிறாள். முழங்கால் வலியோடு தகப்பனார் எல்லாருக்கும் பின்னே ஏறுகிறார். மேகத்துக்குள்ளிருந்து வெயில் வரும் என்று மகன் முகட்டின்மேல் காத்து நிற்கிறான். வெயிலுக்குப் பதிலாக மேகமே கீழிறங்குகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் தெளிவாய்த் தெரிந்த தகப்பனார் இப்போது தெரியவில்லை. காற்றின் இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்பதில்லை. 451 மீட்டர் குன்றில் இப்படி நேரிடுமா என்றால், நேரிடும். மலை உயரமாயிருக்கவேண்டியதில்லை, ஒருவரையொருவர் பார்க்க முடியாமற்போனால் போதும்.

ஆகையால் சில காரியங்களைக் கீழேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த மணிக்குத் திரும்பவேண்டும். 1892இல் ஸ்காட்லாந்தின் நேஸ்மித் என்பவர் வகுத்த கணக்கை வேகமாய் நடப்போர் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. பிள்ளைகளும் முதியோரும் உடன் வந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள். படம் எடுக்கும் நேரத்தைத் தனியே சேருங்கள்.

முன்னே சென்றவர் நின்று படம் எடுக்கட்டும், தவறில்லை. ஆனால் பின்னே வந்தவர் வந்து சேர்ந்தவுடன் "சரி, போகலாம்" என்று புறப்பட்டுவிடாதீர்கள். காத்திருந்தவர் இளைப்பாறிவிட்டார்; வந்து சேர்ந்தவர் இன்னும் இளைப்பாறவில்லை. மெதுவாய் நடப்பவருக்கு ஓய்வே கிடைக்காமற்போவது இப்படித்தான்.

கேமராவுக்குள் கண்ணை வைத்தபடி ஒரு அடிகூடப் பின்னால் எடுத்து வைக்காதீர்கள். முதலில் நில்லுங்கள், பிறகு பாருங்கள்.

பையில் மழையங்கி, கம்பளிச் சட்டை, தண்ணீர், டார்ச், விசில், காகித வரைபடம் ஆகியவை இருக்கட்டும். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது நிச்சயமில்லை. ஆபத்து நேர்ந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும். அழைக்க முடிந்தால் 999க்கு அழைத்து, காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவைக் கேட்கவேண்டும். அந்தக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மீட்பதற்குக் கட்டணமும் கேட்பதில்லை. உணவையும் உறக்கத்தையும் விட்டு அவர்கள் எழுந்து வருகிறார்கள் என்பதை எண்ணி நாம் கவனமாயிருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பாதையைத் திறந்து வைத்தவர்கள்

அந்தப் பாதைகள் தாமாக நிலைத்தவையல்ல. கெஸ்விக்குக்கு மேலுள்ள லாட்ரிக் குன்றுக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டபோது, 1887 அக்டோபரில் ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு அமைதியாக நடந்து ஏறினார்கள். வழக்கு நடந்தது, முடிவில் பாதை மக்களுக்குத் திறந்தது. அந்த வட்டாரத்தின் போதகராயிருந்த ஹார்டுவிக் ரான்ஸ்லி, 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையை நிறுவிய மூவரில் ஒருவர். கேட்பெல்ஸின் அடிவாரத்திலுள்ள பிராண்டல்ஹோ காடு விற்பனைக்கு வந்தபோது, பொதுமக்களிடம் 6,500 பவுன் திரட்டி 1902இல் அதை வாங்கினார்கள். ஏரி மாவட்டத்தில் அந்த அறக்கட்டளை வாங்கிய முதல் நிலம் அதுவே. இன்று நீங்கள் இறங்கும் படகுத்துறையிலிருந்து ஏரிக்கரையோரமாய் நடந்தால் அந்த மரங்களின் கீழ்தான் நடப்பீர்கள்.

அங்கே மேயும் ஹெர்ட்விக் ஆடுகளையும் பாருங்கள். குட்டி பிறக்கும்போது கருப்பாயிருக்கும். வளர வளரச் சாம்பல் நிறமாகி முகம் வெளுக்கும். உயர்ந்த சரிவுகளில் வேலி இல்லை. ஆயினும் மந்தை தன் எல்லையை விட்டுப் போவதில்லை. எது தன் இடம் என்பதைத் தாய் ஆடு குட்டிக்குக் கூட நடந்தே கற்றுக்கொடுக்கிறது. 2001இல் கோமாரி நோய் பரவி, கம்பிரியா மாவட்டத்தில் பெருந்தொகையான ஆடுமாடுகள் கொல்லப்பட்டபோது விவசாயிகளின் துக்கம் இரட்டிப்பாயிருந்தது. புதிய ஆடுகளை விலைக்கு வாங்கிவிடலாம்; அந்த அறிவை வாங்க முடியாது. ஆகையால் படத்துக்காக ஆடுகளை விரட்டாதீர்கள், திறந்த கதவை மூடிவிட்டுச் செல்லுங்கள், மதில்மேல் ஏறாதீர்கள்.

சொந்த ஊரை விட்டு நகரங்களில் குடியேறி, பிள்ளைகளை அதைவிடத் தூரத்துக்கு அனுப்பிவிட்ட நமக்கு அந்தத் தாய் ஆட்டின் பாடம் எளிதில் புரியும். கூட நடந்த நாட்களில் கற்றுக்கொடுத்ததுதான் நிற்கிறது.

அன்பான வாசகரே, படம் எடுப்பவர் தாம் எடுக்கும் படத்தில் இருப்பதில்லை. அவருக்காகக் காற்றில் நின்று காத்திருந்தவரும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகையால் பிள்ளைகளோடு நீங்கள் நடக்கும் நாளில், ஒரு படத்திலாவது பின்னே வருகிறவர் பாதையில் ஏறி வருவது தெரியட்டும். மலையின் அளவைக் காட்ட அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. அடுத்த சனிக்கிழமை கைபேசியில் படம் வரும்போது, "நன்றாயிருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் ஒன்று கேளுங்கள்: "உன்னோடு யார் வந்தார்கள்? அவர்கள் எங்கே?"

பதில் வர நேரமானாலும் காத்திருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.